கப்பல் டூர் புக் பண்ணும்போது பேர் பிரச்சினை: மலையகத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் இருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பிளைட்ல போய் அங்கருந்து குரூஸ் கப்பல்ல ஏறுற ஆட்கள் இப்ப இருக்காங்க, வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க அப்பா அம்மாவுக்குன்னு புக் பண்ணி அனுப்புறாங்க, பொடியன்மார் கப்பல் வேலைக்கும் போறாங்க. விசா, காசு, சாப்பாடுன்னு என்ன கேட்டு வந்தாலும் கடைசில பேச்சு பேர்லதான் வந்து நிக்கும், ஏன்னா நம்ம ஆட்கள்ல எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி பேர் உள்ளவங்க குறைவு. அதனால கேக்குற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

பேர்த் சேர்டிபிகேட்ல ஒரு பேர், ஐடில ஒரு பேர், பாஸ்போர்ட்ல ஒரு பேர். கப்பல் புக்கிங்ல எதை போட?

பாஸ்போர்ட்ல உள்ளது. வேற எதுவுமே வேணாம். கப்பல் கம்பெனிக்காரங்க உங்க ஐடியையோ பேர்த் சேர்டிபிகேட்டையோ பார்த்து புக்கிங்கை சரிபார்க்க மாட்டாங்க, துறைமுகத்துல கவுண்டர்ல பாஸ்போர்ட்டை மெஷின்ல வச்சு எடுப்பாங்க, அதுல வர்ற பேரும் அவங்க லிஸ்ட்ல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். அந்த லிஸ்ட் கப்பலோட மட்டும் நிக்கிறதும் இல்ல, கப்பல் போற ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பயணிகள் லிஸ்ட் குடுக்கணும்னு சர்வதேச ஒழுங்கு இருக்கு. அமெரிக்க துறைமுகத்துக்கு நீண்ட பயணத்துல வர்ற கப்பல்னா 96 மணித்தியாலத்துக்கு முன்னமே அனுப்பிடணும். அதனால ஏறுற நேரத்துல "இது என் பேர்தான் சேர்"னு கதைச்சு சரிபண்ண ஏலாது, கவுண்டர்ல நிக்கிற பிள்ளைக்கு நம்ம மேல இரக்கம் இருந்தாலும் அந்த பிள்ளையால செய்ய முடிஞ்சது கொஞ்சம்தான்.

பாஸ்போர்ட்ல எந்த இடத்தை பார்த்து எழுதணும்?

போட்டோ உள்ள பக்கத்துல மேல சர்நேம்னு ஒரு இடம், அதர் நேம்ஸ்னு ஒரு இடம் இருக்கும். அதையும் பாருங்க, ஆனா முக்கியமா பக்கத்துக்கு அடியில அம்புக்குறி மாதிரி குறி நிறைய போட்டு ரெண்டு வரி இருக்குமே, அதை பாருங்க. மெஷின் படிக்கிறது அதைத்தான். ஒரு வரிக்கு 44 எழுத்து. முதல் வரியில எல்கேஏன்னு நாட்டுக் குறி, அதுக்கு பின்னால சர்நேம், பிறகு ரெட்டை அம்புக்குறி, பிறகு மத்த பேர்கள். ரெட்டை குறிக்கு முன்னால உள்ளது எல்லாம் புக்கிங்ல சர்நேம் கட்டத்துக்கு, பின்னால உள்ளது எல்லாம் பர்ஸ்ட் நேம் கட்டத்துக்கு. மிடில் நேம்னு தனியா கட்டம் இருந்தா, கட்டாயம் கேக்கலன்னா வெறுமையா விட்டுட்டு எல்லாத்தையும் பர்ஸ்ட் நேம்லயே போடுங்க. புள்ளி, கொமா, மேற்கோள் குறி எதுவும் அந்த வரியில வராது, புக்கிங்லயும் வேணாம்.

ஏஜென்ட்டுக்கு பேரை போன்ல சொல்லாதீங்க, வொய்ஸ் மெசேஜும் அனுப்பாதீங்க. அந்த பக்கத்தை தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க. அவங்க அடிச்சு முடிச்ச பிறகு, காசு கட்டுறதுக்கு முன்னாடி, ஸ்கிரீனை கேட்டு வாங்கி எழுத்து எழுத்தா விரலை வச்சு பாருங்க. இதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல, ஏஜென்ட் கோவிச்சாலும் பரவாயில்ல.

எங்க குடும்பத்துக்கு குடும்பப் பேர்னே ஒண்ணு இல்லையே, சர்நேம்ல என்னத்த போடுறது?

இதுதான் எல்லாருக்கும் வர்ற கேள்வி, நியாயமான கேள்வி. கம்பெனிக்காரன் செஞ்ச பாரம் வெள்ளைக்காரனோட பேர் முறைக்கு செஞ்சது. நம்ம முறை அப்பா பேர், பிறகு சொந்தப் பேர். பெருமாளோட மகன் சிவகுமார்னு வைங்க. பேர்த் சேர்டிபிகேட்ல பேர் கட்டத்துல சிவகுமார்னு மட்டும் இருக்கும், அப்பா பேர் வேற கட்டத்துல இருக்கும். ஐடில பெருமாள் சிவகுமார். ஸ்கூல்ல பி. சிவகுமார். பாஸ்போர்ட்ல பெரும்பாலும் சர்நேம் பெருமாள், அதர் நேம்ஸ் சிவகுமார்னு வரும். அப்ப கப்பல்ல எல்லாரும் அவரை "மிஸ்டர் பெருமாள்"னுதான் கூப்பிடுவாங்க, அப்பா பேரை சொல்லி கூப்பிடுறாங்களேன்னு சங்கடப்பட்டு புக்கிங்ல மாத்தி போடாதீங்க. சில ஏஜென்ட்மார் நல்லது செய்யிறதா நெனச்சு கூப்பிடுற பேரை சர்நேம்ல போட்டுடுவாங்க, அப்ப பேர் தலைகீழா ஆகிடும். ரெண்டு பேரும் இருக்குதானேன்னு சிலர் விட்டுடுவாங்க, சில கவுண்டர்ல அது போயிடவும் செய்யும், ஆனா ஆன்லைன் செக்-இன்ல மாட்டும், விசாவோட ஒத்துப் பார்க்கும்போதும் மாட்டும். கண்டவுடனே திருத்த சொல்லுங்க.

பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. என்ன செய்ய?

ஒத்தைப் பேரோட பாஸ்போர்ட் உள்ளவங்க புக் பண்ண முன்னமே கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க, எப்படி போடணும்னு. பிளைட் டிக்கெட்ல ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு மாதிரி: சிலர் அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் போட சொல்வாங்க, சிலர் பர்ஸ்ட் நேம் கட்டத்துல எஃப்என்யூன்னு போட சொல்வாங்க, பர்ஸ்ட் நேம் தெரியாதுன்னு அர்த்தம். நீங்களா யோசிச்சு அப்பா பேரை சேர்த்து போடாதீங்க, பாஸ்போர்ட்ல இல்லாத பேர் டிக்கெட்ல வரக்கூடாது.

துபாய்லருந்து கப்பல் ஏறுறவங்க இன்னும் கவனமா இருக்கணும். 2022 நவம்பர் 21லருந்து, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் உள்ளவங்களை டூரிஸ்ட் விசாலயும் விசிட் விசாலயும் எடுக்க மாட்டோம்னு ஐக்கிய அரபு இராச்சியம் விமான கம்பெனிகளுக்கு அறிவிச்சது. பிறகு இந்தியர்களுக்கு, பாஸ்போர்ட்டோட மத்த பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா பரவாயில்லன்னு விளக்கம் குடுத்தாங்க. நம்ம ஆட்கள் அந்த விளக்கத்தை நம்பி போகாம, பாஸ்போர்ட்டை முதல்ல ரெண்டு பேரா சரிபண்ணி எடுத்துட்டு அந்தப் பக்கம் புக் பண்றதுதான் நல்லம்.

அக்கா, அம்மாவோட பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு. அதுக்கும் பிரச்சினை வருமா?

வரலாம். லெட்சுமின்னு ஒரு பேரை எடுங்க. இங்கிலீஷ்ல எல்-ஈ-டீ-சி-எச்னு எழுதுற லெட்சுமி இருக்கு, எல்-ஏ-கே-எஸ்-எச்னு எழுதுற லக்ஷ்மி இருக்கு, கடைசில ஐ போடுறவங்க, வை போடுறவங்க. ஒரே ஆள் மூணு பேப்பர்ல மூணு மாதிரி இருப்பாங்க. கருப்பையா, ராமையா, முத்தையா எல்லாம் இதே கதிதான், ஐ-ஏ-எச்சா ஏ-ஐ-ஒய்-ஏவான்னு.

இதுல அம்மாமார் மேல குற்றம் சொல்ல ஒண்ணுமே இல்ல. 1948 பிரஜாவுரிமை சட்டத்தோட நம்ம ஆட்கள்ல பெரும்பகுதி நாடற்றவங்களா ஆனாங்க, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல பாதி குடும்பம் இந்தியா, பாதி இங்கன்னு பிரிஞ்சது, 2003 சட்டம் வரைக்கும் எத்தனையோ பேருக்கு பிரஜாவுரிமை பேப்பரே முழுசா கைக்கு வரல. அதுவரைக்கும் அவங்க பேர் இருந்தது தோட்டத்து செக்ரோல்ங்கிற வேலையாள் பதிவுப் புத்தகத்துல, கிளாக்கர் கேட்டது எப்படியோ எழுதினது அப்படி. பேரை சொன்னது தமிழ்ல, எழுதினது சில நேரம் சிங்களத்துல, அதை இன்னொருத்தர் இங்கிலீஷுக்கு மாத்தினாங்க. பழைய லெமினேட் அடையாள அட்டையில நம்ம பக்கம் பெரும்பாலும் சிங்களத்துல மட்டும் பேர் இருந்தது, அதனால இங்கிலீஷ்ல என்ன எழுத்துன்னு யாரும் பார்க்கவே இல்ல. 2017 கடைசில ஸ்மார்ட் கார்ட் வந்து இங்கிலீஷ்லயும் பேர் அச்சாக தொடங்கின பிறகுதான் பாஸ்போர்ட்டோட ஒத்துப் பார்த்து நிறைய பேர் திடுக்கிட்டாங்க.

கப்பலை பொறுத்த வரைக்கும், ஐடிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம்னா பயப்படாதீங்க, அங்க ஐடியை யாரும் கேக்க மாட்டாங்க. புக்கிங்குக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வித்தியாசம்னா உடனே திருத்துங்க. விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வித்தியாசம்னா அதுதான் பெரிய ஆபத்து, எயார்போர்ட்லயே நிப்பாட்டிடுவாங்க.

ஜேபிகிட்ட (சமாதான நீதவான்) "ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும்"னு சத்தியக்கடதாசி எடுத்தா போதாதா?

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்க, பேங்க்ல, ஸ்கூல்ல, டிஎஸ் ஆபீஸ்ல (பிரதேச செயலகம்) அந்த கடதாசி நமக்கு எவ்வளவோ உதவி செஞ்சிருக்கு, அதனால எல்லா இடத்துலயும் செல்லும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சிங்கப்பூர் துறைமுகத்துல அதை நீட்டினா யாரும் பார்க்க மாட்டாங்க. தோட்டத்துரை கடிதம், ஜிஎஸ் (கிராம சேவகர்) சேர்டிபிகேட் எல்லாமே அப்படித்தான். அந்த கடதாசியை இங்க உள்ளுக்குள்ள பேப்பரை திருத்துறதுக்கு பாவிங்க, பயணத்துக்கு நம்பி கொண்டு போகாதீங்க.

இனிஷியல் போடலாமா?

பாஸ்போர்ட்ல இனிஷியலா அச்சாகி இருந்தா மட்டும் போடுங்க. முழுப் பேர் இருந்தா முழுப் பேர்தான்.

பேர் நீளமா இருக்கு, டிக்கெட்ல பாதியோட வெட்டுப்பட்டு வருது.

பாஸ்போர்ட் அடி வரியிலயே பேருக்கு 39 எழுத்து இடம்தான் இருக்கு, அதுக்கு மேல போனா அங்கயும் வெட்டித்தான் வரும். கண்டி பக்கத்து முதியன்சேலாகேன்னு வர்ற நீளமான சிங்களப் பேர் உள்ளவங்களுக்கு இது பழகின விஷயம். மொஹமட்டோட மூணு நாலு பேர் உள்ள நம்ம முஸ்லிம் ஆட்களுக்கும் வரும். முழுசா சரியா அடிச்சு சிஸ்டம் தானா வெட்டினா பயம் இல்ல. சிவகுமார்ங்கிறதை சிவா குமார்னு இடம் விட்டாலும், ரெண்டையும் சேர்த்து வச்சாலும் பொதுவா பிரச்சினை பண்றதில்ல. டிக்கெட்ல பேரோட கடைசில எம்ஆர், எம்எஸ்னு ஒட்டிக்கிட்டு வந்தா அது மிஸ்டர், மிஸ், வேற பேர் இல்ல. இதை பார்த்துட்டு ராத்திரி முழுக்க தூங்காம காலையில ஓடி வந்தவங்க இருக்காங்க, அதனால சொல்றேன்.

கல்யாணம் முடிச்சு புருஷன் பேரை சேர்த்துட்டேன், ஆனா பாஸ்போர்ட் பழசு.

பயணத்துக்கு கொண்டு போகப் போற பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அது. பழைய பாஸ்போர்ட்ல அப்பா பேர் இருந்தா புக்கிங்கும் அப்பா பேர்லதான், பேஸ்புக்ல என்ன பேர் இருந்தாலும் சரி. ஹனிமூன்னு புருஷன் ஆசையா தன் பேரை சேர்த்து புக் பண்ணிட்டு, பொம்பளப் பிள்ளை பாஸ்போர்ட்ல வேற பேர் இருக்குறது அடிக்கடி நடக்குது, தம்பிமாரே முதல்ல அந்த புத்தகத்தை வாங்கி பாருங்க. புக் பண்ணினதுக்கும் பயணத்துக்கும் இடையில பாஸ்போர்ட்டை மாத்தப் போறீங்கன்னா, பேர் மாறாம நம்பர் மட்டும் மாறினா செக்-இன்ல போய் புது நம்பரை போட்டா சரி. பேரும் மாறினா கப்பல், பிளைட், விசா, இன்சூரன்ஸ் நாலையும் மாத்தணும். பயணத்தை முடிச்சுட்டு பேரை மாத்துறதுதான் லேசு.

அப்பாக்கு ஒரு சர்நேம், அம்மாவுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. ஒரே கேபின்ல விடுவாங்களா?

விடுவாங்க. அப்பா சர்நேம் பெருமாள், அம்மா சர்நேம் ராமையா, பிள்ளை சர்நேம் சிவகுமார்னு வரும், மூணு பேரும் யாரோ மாதிரி தெரியும், ஆனா ஒரே கேபின்ல ஒரே சர்நேம் இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. பிள்ளையோட பேர்த் சேர்டிபிகேட்டையும் அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் கையில வச்சிருங்க, பிள்ளை யாரோடன்னு கேட்டா காட்ட. அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் மட்டும் போறாங்க, இல்ல தாத்தா பாட்டியோட பிள்ளை போகுதுன்னா மத்தவங்களோட சம்மதக் கடிதம் கேப்பாங்க, கம்பெனி வெப்சைட்ல அதுக்கு பாரம் இருக்கான்னு பாருங்க. அந்த கடிதத்துலயும் பேர் எல்லாம் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே இருக்கணும்.

புக்கிங்ல பிழை இருக்குன்னு இப்பதான் கண்டேன். திருத்த காசு எடுப்பாங்களா?

எழுத்துப் பிழையை திருத்துறது வேற, ஆளை மாத்துறது வேற. எழுத்துப் பிழை, முன்பின் மாறினது இதெல்லாம் கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் நேரத்தோட சொன்னா காசு இல்லாம திருத்துவாங்க. பெருமாளுக்கு பதிலா தம்பி முருகன் போறாருன்னா அது ஆள் மாற்றம், காசு வரும், கடைசி தேதி இருக்கும், கேபின்ல உள்ள எல்லாரையுமே மாத்தினா கேன்சல் பண்ணி புதுசா போட்ட கணக்குதான். நீங்க எதை கேக்குறீங்கன்னு தெளிவா சொல்லுங்க, "பேரை மாத்தணும்"னு சொல்லாம "பாஸ்போர்ட்ல உள்ளபடி எழுத்துப் பிழையை திருத்தணும்"னு சொல்லி பாஸ்போர்ட் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஏஜென்ட் மூலம் புக் பண்ணினா ஏஜென்ட்தான் திருத்தணும், நேரா கம்பெனிக்கு போன் எடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. திருத்தின பிறகு புது கன்பர்மேஷன் வாங்காம விடாதீங்க, "செஞ்சாச்சு அக்கா"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற மெசேஜ் எதுக்கும் உதவாது.

பிளைட் டிக்கெட் தனி. கப்பல்ல திருத்தினா பிளைட்ல தானா மாறாது. சிங்கப்பூர் போறவங்க வந்து இறங்குறதுக்கு முன்னால மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல நிரப்புற வருகை அட்டையும் இருக்கு, அதுலயும் பாஸ்போர்ட் பேர்தான். ஆனா காசு கட்டின கார்ட் வேற ஆளோட பேர்ல இருந்தா பிரச்சினை இல்ல, லண்டன் மகன் கார்ட்ல கட்டி அப்பா அம்மா போகலாம்.

கனடால இருக்குற மகள் சொல்றா கப்பலுக்கு பாஸ்போர்ட்டே தேவையில்ல, பேர்த் சேர்டிபிகேட்டும் லைசன்ஸும் போதும்னு.

மகள் கேள்விப்பட்டது பொய் இல்ல, ஆனா அது உங்களுக்கு இல்ல. அமெரிக்க துறைமுகத்துல ஏறி அதே துறைமுகத்துல திரும்பி இறங்குற சில பயணத்துக்கு அமெரிக்க பிரஜைகள் பேர்த் சேர்டிபிகேட்டும் போட்டோ ஐடியும் வச்சு போகலாம். இலங்கை பாஸ்போர்ட்காரங்களுக்கு பாஸ்போர்ட்டும் வேணும் விசாவும் வேணும்.

கூடலூர், கோத்தகிரியில இருக்குற சொந்தக்காரங்களோட சேர்ந்து சென்னைலருந்து கப்பல் ஏறலாமா?

64 ஒப்பந்தத்துல போனவங்களோட பேரப்பிள்ளைகளோட சேர்ந்து போறது, கேக்கவே சந்தோசமா இருக்கு. சென்னைலருந்து திருகோணமலை, காங்கேசன்துறை, ஹம்பாந்தோட்டைக்கு 2023ல குரூஸ் கப்பல் வந்தது. இப்ப எந்தெந்த ரூட் ஓடுதுன்னு புக் பண்ற நேரம் பாருங்க. அவங்க இந்தியாவுக்குள்ளயே போற கப்பலுக்கு ஆதாரை காட்டுவாங்க, உங்களுக்கு எப்பவுமே பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும். கப்பல் வெளியில போய் திரும்ப சென்னைக்கு வருதுன்னா ரெண்டாவது தடவை உள்ள நுழையுறதுக்கும் விசா செல்லுமான்னு பாருங்க. இ-விசா பாரத்துல பேரை அடிக்கும்போது சர்நேம், கிவன் நேம் ரெண்டையும் பாஸ்போர்ட் மாதிரியே அடிங்க, அனுப்பின பிறகு பிழையை கண்டா திரும்ப புதுசா போட வேண்டி வரும். இன்னொரு விஷயம், ஒரே தாத்தாவோட பேர் உங்க பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, அவங்க பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருக்கும். ஒண்ணா மாத்தணும்னு அவசியம் இல்ல, அவங்கவங்க டிக்கெட் அவங்கவங்க பாஸ்போர்ட்டோட ஒத்துப் போனா போதும்.

பேர் சரி, பிறந்த தேதி மாறி இருக்கு.

அதுவும் பேர் மாதிரியேதான், பாஸ்போர்ட்ல உள்ளதை போடுங்க. ஐடி நம்பரை வச்சு நீங்களே ஒருக்கா பாருங்க: புது 12 இலக்க நம்பர்ல முதல் நாலு பிறந்த வருஷம், அடுத்த மூணு அந்த வருஷத்துல எத்தனையாவது நாள், பொம்பளைகளுக்கு அதோட 500 கூட்டி இருக்கும். பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள்னு வச்சுத்தான் கணக்கு, அதனால மார்ச் 1 எப்பவும் 061, பொம்பளைன்னா 561. நம்பர் ஒண்ணு சொல்லி பாஸ்போர்ட் இன்னொண்ணு சொல்லுதுன்னா அடுத்த பாஸ்போர்ட் எடுக்க போகும்போது பிரச்சினை வரும், இப்பவே தொடங்குங்க. காலங்கடந்து பதிஞ்சவங்களுக்கும், உத்தேச வயதுச் சான்றிதழ் வச்சிருக்குற பெரியவங்களுக்கும் இது அடிக்கடி வரும்.

தம்பி கப்பல் வேலைக்கு போறான். அவனுக்கும் இதே தானா?

இதை விட கடுமை. டூர் போறவருக்கு பாஸ்போர்ட்டும் விசாவும்தான், வேலைக்கு போற பொடியனுக்கு சிடிசி புத்தகம் (கப்பல் ஊழியரோட பதிவுப் புத்தகம்), எஸ்டிசிடபிள்யூங்கிற கப்பல் வேலை பயிற்சி சேர்டிபிகேட், மெடிக்கல், கம்பெனி கொன்ட்ராக்ட், அமெரிக்க பக்கம்னா கப்பல் ஊழியருக்கான சி1டி விசா, எல்லாத்துலயும் ஒரே பேர், ஒரே எழுத்து, ஒரே வரிசை இருக்கணும். கோர்ஸுக்கு பதியும்போது பாஸ்போர்ட் கையில இல்லாம ஐடியை காட்டி பதிஞ்சா, சேர்டிபிகேட் ஐடி எழுத்துல வரும், பிறகு பாஸ்போர்ட் வேற எழுத்துல வரும், அந்த சேர்டிபிகேட்டை திருத்த கொழும்புக்கு ஏறி இறங்கணும், அதுக்குள்ள கப்பல் போயிடும். லயத்துல நகையை அடகு வச்சு கோர்ஸ் காசு கட்டுற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதனால முதல்ல பாஸ்போர்ட், அதுக்கு பிறகுதான் கோர்ஸ். எந்த ஏஜென்சி அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையை மாத்தாதீங்க.

எல்லா பேப்பரையும் ஒரே பேருக்கு கொண்டு வரணும்னா எங்கருந்து தொடங்க?

பேர்த் சேர்டிபிகேட்லருந்து. அதுல பிழை இருந்தா உங்க டிஎஸ் ஆபீஸ்ல மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட கேளுங்க, பழைய ஸ்கூல் பதிவு, அப்பா அம்மாவோட பேப்பர், கல்யாண சேர்டிபிகேட்னு உள்ளதை எல்லாம் கொண்டு போங்க. அது சரியானதும் ஜிஎஸ் மூலமா அடையாள அட்டையை திருத்த குடுங்க, பிறகு பாஸ்போர்ட். கீழ இருந்து மேல வரணும், பாஸ்போர்ட்டை முதல்ல மாத்தி பிறகு மத்ததை மாத்த போனா ஒவ்வொரு ஆபீஸும் மத்த ஆபீஸை கை காட்டும். பாஸ்போர்ட்டுக்கு பத்தரமுல்லைக்கே போகணும்னு இல்ல, கண்டியிலயும் ஆபீஸ் இருக்கு.

நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் கவனிக்காம விடுவாங்க, அதுதான் மொழிபெயர்ப்பு. பேர்த் சேர்டிபிகேட் தமிழ்லயோ சிங்களத்துலயோ இருக்கும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷ் ஆக்கும்போது பேரை தனக்கு தெரிஞ்ச எழுத்துல எழுதுவார், அதுல அவர் மேல பிழை இல்ல. அவர்கிட்ட குடுக்கும்போதே உங்க பாஸ்போர்ட், அப்பாவோட பாஸ்போர்ட், அண்ணன் தம்பியோட பாஸ்போர்ட் எது இருக்கோ அதையும் காட்டி, இதே எழுத்துல எழுதி தாங்கன்னு சொல்லுங்க. கைக்குழந்தைக்கு பேர் பதியப் போறவங்களும் இங்கிலீஷ்ல என்ன எழுத்துன்னு வீட்டுல கூடி முடிவு பண்ணி ஒரு துண்டுல தெளிவா எழுதி கொண்டு போங்க, அப்பா பாஸ்போர்ட்ல அப்பா பேர் எப்படி இருக்கோ அப்படியே பிள்ளை பேப்பர்லயும் வரட்டும். இந்த வேலைக்கு மாசக்கணக்குல ஆகலாம், அதனால கப்பல் ஆபர் வந்திருக்குன்னு கண்ட பிறகு தொடங்கினா பத்தாது, இந்த வருஷம் பழைய பாஸ்போர்ட்லயே அதுல உள்ள பேர்லயே போயிட்டு வந்துட்டு ஆறுதலா திருத்துங்க. ஒண்ணு மட்டும் பாருங்க, பயணம் முடியிற தேதிக்கு பிறகும் அந்த பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லணும்.